மாடிப்படிக்கு அடியில கிடக்குற ராலே சைக்கிள் ஓடமாட்டேங்குதா? கோளாறை வச்சே பழுதான இடத்தைக் கண்டுபிடிக்கலாம்

கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, மண்டபம்னு நம்ம ராமநாதபுரம் கரையில எந்தத் தெருவுல நுழைஞ்சாலும் ஏதாவது ஒரு வீட்டு மாடிப்படிக்கு அடியில சாக்கு போர்த்தின பழைய சைக்கிள் ஒண்ணு சாஞ்சு கிடக்கும். கொழும்புல கடை வச்சிருந்தவங்க கப்பல்ல ஏத்திட்டு வந்த ராலேவா இருக்கும், இல்லன்னா மெட்ராஸ்ல வாங்கின ஹெர்குலிஸா இருக்கும், வாப்பா ஓட்டி, சாச்சா ஓட்டி, இப்ப உங்க கைக்கு வந்திருக்கும். கடைக்குத் தள்ளிட்டுப் போனா பாதிப் பேரு பாத்த உடனே "எடைக்குப் போட்டுருங்க தம்பி"ம்பாங்க, மீதிப் பேரு சுத்தியலைத் தேடுவாங்க. ரெண்டுமே வேணாம்.

உப்புக்காத்துல நின்ன சைக்கிள்ல தேஞ்சுபோன பார்ட்ஸ் ரொம்பக் கம்மி, வருஷக்கணக்கா ஓடாம நின்னது எப்படித் தேயும், பிடிச்சுப்போனதுதான் அதிகம். எது தேஞ்சிருக்கு எது பிடிச்சிருக்குன்னு பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சா பார்ட்ஸ் செலவு பாதியாக் குறையும். நாட்டிங்ஹாம்ல செஞ்ச ராலேன்னா இது இன்னும் முக்கியம், ஏன்னா ராலேக்காரன் பெடல் அச்சு கப்புலயும் (பால்ஸ் உக்காருற கிண்ணம்), முன்வீலைத் தாங்குற ஃபோர்க் தலையிலயும் இன்ச்சுக்கு 26 மரை போட்டான், மத்த பிரிட்டிஷ் கம்பெனிங்க கப்புல 24 மரைதான். கடையில புதுசா வாங்குற கப் ரெண்டு சுத்து அழகா ஏறும், அப்புறம் நிக்கும், ஸ்பேனரை வச்சு அழுத்தினீங்கன்னா ஃபிரேமுக்குள்ள இருக்குற மரையும் போச்சு. அதனால பழைய கப், பழைய கோன் (பால்ஸ் உருளுற கூம்பு), பழைய நட்டு எதையும் குப்பையில போடாதீங்க, ஒரு டப்பாவுல மண்ணெண்ணெய் ஊத்தி அதுல போட்டு வைங்க.

நான் இதுல சொல்றது 28 இன்ச் வீல், கம்பி பிரேக் (கேபிளுக்குப் பதிலா இரும்புக் கம்பி இழுக்குறது), பின்னாடி ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியோட 3 கியர் ஹப் (வீல் நடுவுல இருக்குற குடம்) வச்ச ராலேவை மனசுல வச்சு. கியர் இல்லாத சைக்கிள்னா அந்தப் பகுதியைத் தாண்டிப் போயிருங்க, மத்ததெல்லாம் ஒண்ணுதான்.

துரு தெரியுது, ஃபிரேம் தாங்குமா தாங்காதான்னு தெரியல

இதைத்தான் முதல்ல பாக்கணும், இது தேறலன்னா மத்த வேலை எல்லாம் தண்டம். வெளியில தெரியுற துருவைப் பாத்து பயப்படாதீங்க, செக்கச்செவேல்னு பொடியா இருக்குறது மேல்துரு, துணியில எண்ணெய் தொட்டுத் தேச்சாலே பாதி போயிரும். பயப்பட வேண்டியது பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாத் தூக்கியிருக்குற இடம். சைக்கிளைத் தலைகீழாப் போட்டு பெடல் அச்சுக் கூட்டுக்கு அடிப்பக்கம், பின்வீலுக்குப் போற ரெண்டு கம்பி வந்து சேருற இடம், மட்கார்டு ஒட்டி நிக்கிற இடம், சீட் கம்பி இறங்குற வாய், இந்த நாலையும் ஒரு கோணூசி வச்சுக் குத்திப் பாருங்க. ஊசி நின்னா சரி, உள்ள இறங்குச்சுன்னா அந்தக் குழாய் உள்ளேருந்து தின்னு வந்திருக்குன்னு அர்த்தம். அப்புறம் ஸ்பேனர் காம்பால ஃபிரேம் முழுக்க லேசாத் தட்டிட்டே வாங்க, கணீர்னு கேக்குறது ஒரு இடத்துல மட்டும் மொத்துனு கேட்டா அங்க நின்னு பாருங்க.

ஓட்டை இருந்தாலும் எல்லாமே முடிஞ்சுபோச்சுன்னு இல்ல, ஆனா வள்ளத்துக்கு வெல்டிங் வைக்கிற பட்டறையில மட்டும் கொடுத்துறாதீங்க. இந்த ஃபிரேம் எல்லாம் மூட்டுல லக்னு ஒரு இரும்பு உறை வச்சு பித்தளை உருக்கி ஊத்திச் சேத்தது, குழாய் மெல்லிசு, ஆர்க் வெல்டிங் வச்சா பக்கத்துலயே இன்னொரு ஓட்டை விழும். கேஸ் வச்சு பித்தளைப் பத்து வைக்கத் தெரிஞ்ச பழைய ஆளு ராமநாதபுரத்துலயோ மதுரையிலயோ கிடைப்பாரு, தேடித்தான் ஆகணும். முன் ஃபோர்க் குழாய் ஓட்டைன்னா ஒட்டுப்போடுற வேலையே வேணாம், வேற ஃபோர்க் போடுங்க, அது உடைஞ்சா பல்லு தப்பாது.

துருவை எடுக்குறதுக்கு ஊர்ல ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்லுவாங்க. குரோம் பூசின ஹேண்டில்பார், ரிம், செயின் வீலுக்கு பிரியாணி பார்சல் கட்டுற அலுமினிய ஃபாயிலைக் கசக்கித் தண்ணியில நனைச்சுத் தேச்சாலே போதும், குரோமைக் கீறாம துரு மட்டும் கறுப்புச் சேறா வழிஞ்சு வரும், உப்புத்தாள் போட்டுத் தேச்சீங்கன்னா குரோமே போயிரும். சின்னச் சின்ன நட்டு போல்ட்டை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைச்ச தண்ணியில ஒரு ராத்திரி ஊறப்போடலாம், ஆனா பால்ஸ், கோன், கப், ஸ்பிரிங் மாதிரி கெட்டிப்படுத்தின இரும்பை அதுல போடவேணாம், ஆசிட் பட்டா அது நொறுங்குற பதத்துக்கு வந்துரும்.

இங்க நம்ம ஊருக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. ஊறப்போட்டு எடுத்த சாமானை போர்வெல் தண்ணியில அலசுனீங்கன்னா அது பாதி கடல் தண்ணி, காஞ்ச உடனே மறுபடி துரு பூக்கும். கடைசி அலசல் குழாய்ல வர்ற காவிரித் தண்ணியிலதான் பண்ணணும், வீட்டுல திட்டு விழத்தான் செய்யும், ஒரு சொம்பு போதும்னு சொல்லி சமாளிங்க. அலசின உடனே வெயில்ல காயவச்சு சூடு ஆறுறதுக்குள்ள எண்ணெய் தடவிருங்க. ஃபிரேம் குழாய்க்கு உள்பக்கம் பெயிண்ட் கடையில கிடைக்கிற லின்சீட் ஆயிலை ஊத்தி, சைக்கிளை அப்படி இப்படிப் புரட்டி வடியவிட்டா உள்ள ஒரு படலம் உக்காரும். அந்த எண்ணெய் தொடச்ச துணியை மட்டும் சுருட்டி மூலையில போட்டுறாதீங்க, லின்சீட் துணி தானா சூடேறி தீப்பிடிக்கும், விரிச்சு வெளிய காயப்போடுங்க.

சீட் கம்பி அசைய மாட்டேங்குது

பழைய ராலேவுல மொதல் மல்லுக்கட்டு இதுதான். குழாயும் இரும்பு, கம்பியும் இரும்பு, நடுவுல மழைத்தண்ணியும் உப்பும் இறங்கி ரெண்டும் ஒண்ணாகிப்போய் இருக்கும். எல்லாரும் பண்றது சீட்டைப் பிடிச்சு இடமும் வலமும் முறுக்குறது, அதுல சீட் கம்பி கழறாது, தோல் சீட்டோட அடிச்சட்டம்தான் வளையும். சீட்டை முதல்ல தனியாக் கழட்டி எடுத்துருங்க.

சீட் கிளாம்ப் போல்ட்டை முழுசா உருவிட்டு, பெடல் அச்சைக் கழட்டினதுக்கு அப்புறம் சைக்கிளைத் தலைகீழா நிறுத்தி, அச்சுக்கூடு வழியா சீட் குழாய்க்குள்ள எண்ணெய் ஊத்துங்க. மேலேருந்து ஊத்தினா வாயிலயே நின்னுரும், கீழேருந்து ஊத்தினாத்தான் கம்பியோட அடி நுனியில போய் நிக்கும். எண்ணெய்க்கு கார் ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊத்துற ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்தது நல்லா இறங்கும், ஆனா அடுப்பு பக்கம் வச்சுக்காதீங்க, பெயிண்ட் மேல பட்டா பெயிண்டும் போகும். ரெண்டு மூணு நாள் மறுபடி மறுபடி ஊத்தி விட்டுட்டு பைப் ரெஞ்சால கம்பியை மட்டும் பிடிச்சு முறுக்குங்க. இழுக்காதீங்க, முதல்ல சுத்தணும், ஒரு நூல் அளவு சுத்துச்சுன்னா அப்புறம் வந்துரும். கிறீச்னு ஒரு சத்தம் கேக்கும் பாருங்க, அதைக் கேக்கத்தான் இவ்வளவு பாடும்.

ஹேண்டில்பாரும் இதே கதைதான், ஆனா அங்க வழி வேற. நடு போல்ட்டை ரெண்டு மூணு சுத்து தளர்த்திட்டு, போல்ட் தலை மேல ஒரு மரக்கட்டையை வச்சு ஒரே போடு. உள்ள பிடிச்சிருக்குற ஆப்பு கீழ இறங்கி ஹேண்டில் கழண்டுரும். போல்ட்டை முழுசாக் கழட்டிட்டு அடிச்சா ஆப்பு உள்ளயே விழுந்து குழாய்க்குள்ள கடகடன்னு ஆடிட்டு கிடக்கும்.

சாயங்காலம் காத்தடிச்சா காலையில சப்பை

தண்ணியில முக்கிப் பாத்தா பஞ்சர் இல்ல, குமிழி வரல, ஆனா காத்து நிக்கல. டியூப்பை மாத்தாதீங்க, வால்டியூப்பை மாத்துங்க. அந்தச் சின்ன ரப்பர் குழாய் வெயில்ல காஞ்சு வெடிச்சிருக்கும், இல்ல பித்தளைக் குச்சியோட ஒட்டிப் போயிருக்கும். மாத்தினதுக்கப்புறம் வால்வு வாயில எச்சில் தொட்டு வச்சுப் பாருங்க, முட்டை விடலன்னா சரி.

டயர் வாங்கும்போது இன்ச்சை மட்டும் சொல்லாதீங்க. 28 × 1½க்கு டயர்ல 635னு ஒரு நம்பர் இருக்கும், அது நம்ம ஊர் கறுப்பு சைக்கிளோட சைஸ், எங்கயும் கிடைக்கும். 26 இன்ச்னா உஷார், 26 × 1⅜க்கு 590, 26 × 1½க்கு 584, இப்ப வர்ற மலை சைக்கிளுக்கு 559, எல்லாத்துக்கும் பேரு 26தான், ஒண்ணு இன்னொண்ணுல ஏறாது.

பெடல் மிதிக்கையில டக் டக்னு சத்தம்

முதல்ல மிதிக்கிறதை நிறுத்திட்டு வண்டியை உருளவிடுங்க. சத்தம் நின்னுபோச்சுன்னா கோளாறு பெடல், கிராங்க் (பெடலைத் தாங்குற இரும்புக் கை), அச்சு, செயின் இதுக்குள்ள. சத்தம் தொடர்ந்தா ஹப்புலயோ வீல்லயோ. இந்த ஒரு சோதனையைப் பண்ணாம அச்சைப் பிரிக்கிறவங்கதான் ஜாஸ்தி.

பெடல் ஒரு சுத்து சுத்தினா ஒரே ஒரு டக், அதுவும் எப்பவும் ஒரே இடத்துல, அந்தக் கால்ல அமுக்கும்போது மட்டும்னா கிராங்கை அச்சோட பிடிச்சு வைக்கிற காட்டர் பின் தளர்ந்திருக்கு. பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பெடல் மேல ஏறி நின்னு லேசாக் குதிச்சுப் பாருங்க, கிராங்க் மட்டும் ஒரு மயிரிழை அசையுறது கால்லயே தெரியும். அதை அப்படியே விட்டுட்டு ஓட்டினா பின் தேஞ்சு, அப்புறம் கிராங்க் ஓட்டையும் தேஞ்சு, கடைசியில அந்த கிராங்கே உதவாது.

காட்டர் பின் கழட்டுறதுலதான் பழைய சைக்கிள் பாதி செத்துப்போகுது. நட்டைக் கழட்டிட்டு பின்னோட மரை முனையில நேரா சுத்தியல் போட்டா மரை மழுங்கி காளான் மாதிரி விரிஞ்சுரும், அதுக்கப்புறம் டிரில் போட்டுத்தான் எடுக்கணும். அடி விழுற பாரமும் பெடல் அச்சு பால்ஸ் மேலதான் விழுது, கப்புல வரிசையாக் குழி விழும். நல்ல வழி, தச்சன் பட்டறையில இருக்குமே அந்த இரும்பு ஜி கிளாம்ப், அதை வாங்கிட்டு வந்து, பின்னோட தடிச்ச முனைக்கு நேரா ஒரு சின்ன பைப் துண்டை கிராங்க் மேல வச்சு, மறுமுனையில கிளாம்ப் ஸ்குரூ பின்னை அமுக்குற மாதிரி மாட்டி முறுக்குங்க. பைப்புக்குள்ள பின் வழுக்கி இறங்கும். சுத்தியல்தான் வழின்னா கிராங்குக்கு அடியில ஒரு கெட்டியான குழாயைத் தரையில ஊன்றி முட்டுக் கொடுத்துட்டு, நட்டை மரை நுனி வரைக்கும் விட்டுட்டு, கனமான சுத்தியலால ஒரே அடி. சின்னச் சுத்தியலால நாப்பது அடி அடிச்சா ஒண்ணும் நடக்காது.

ராலேவுக்கு 9.5 எம்எம் பின். புதுப் பின்னோட சரிவான பக்கம் அச்சோட வெட்டுல முழுசா உக்காரணும், அரைகுறையா உக்காந்தா கொஞ்சம் அரம் போட்டு எடுங்க. ரெண்டு பின்னும் எதிரெதிர்ப் பக்கமா நுழையணும், ஒரே பக்கமாப் போட்டா ரெண்டு பெடலும் நேர்கோட்டுல நிக்காது, ஓட்டும்போது நொண்டுற மாதிரி இருக்கும். நட்டை முறுக்கி பின்னை இழுக்காதீங்க, முதல்ல அமுக்கி உக்காரவச்சிட்டு நட்டை அதைப் பிடிக்க மட்டும் போடுங்க, கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து மறுபடி ஒருதரம் அமுக்கி முறுக்குங்க.

காட்டர் பின் சரியா இருந்தும் கரகரன்னா அச்சைத் திறக்கணும். இடது பக்க கப்தான் கழட்ட வேண்டியது, வலது பக்கம் மரை திருப்பி இருக்கும், அவசியம் இல்லாம அதைத் தொடாதீங்க. இடது பெடலும் அப்படித்தான், திருப்பி மரை. உள்ள ஒரு பக்கத்துக்கு 11 பால்ஸ், ¼ இன்ச். எண்ணிப் பாருங்க, பழைய ஓவராயில்ல ஒண்ணு ரெண்டு குறைச்சலாப் போட்டிருப்பாங்க. பால்ஸ் விலை ஒண்ணுமே இல்ல, அதை மட்டும் கண்ணை மூடிட்டுப் புதுசு போடுங்க. கப்பும் அச்சும் நகத்தால தடவி வழவழன்னு இருந்தா பழசே ஓடட்டும். கியர் இல்லாத ஹப்புன்னா முன்வீல்ல ஒரு பக்கத்துக்கு 10, 3/16 இன்ச், பின்வீல்ல ஒரு பக்கத்துக்கு 9, ¼ இன்ச்.

கியர் விழல, இல்ல மிதிச்சா காலி மிதியாப் போகுது

ஹப்போட கூட்டைத் துடைச்சுப் பாருங்க, ஸ்டர்மி ஆர்ச்சர்னு பேரு, ஏ.டபிள்யூன்னு மாடல், பக்கத்துல வருஷத்தோட கடைசி ரெண்டு எண் அடிச்சிருக்கும். ஏ.டபிள்யூ 1936லேருந்து வர்ற ஹப், இன்னைக்கும் பார்ட்ஸ் கிடைக்குற அளவுக்கு அதை மாத்தாமலே ஓட்டிட்டாங்க. வீட்டுல "இது வெள்ளைக்காரன் காலத்துது", "இல்ல புயலுக்கு முந்தின வருஷம் வந்தது"ன்னு நடக்குற சண்டைக்கும் அந்த ரெண்டு எண் பதில் சொல்லும். எங்க வீட்டுதுல 58னு இருக்கு, தனுஷ்கோடியை அழிச்ச 1964 புயலுக்கு முன்னாடி இலங்கை தலைமன்னார் கப்பல் தனுஷ்கோடிக்கே வந்த காலம், கணக்கு சரியா வந்துச்சு, வாப்பாவுக்கு ஒரே பெருமை. பின்வீலை அப்புறமா யாராவது மாத்தியிருந்தா அந்தத் தேதி சைக்கிளுக்குப் பொருந்தாதுங்கறதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

இப்ப கோளாறுக்கு வருவோம். இந்த ஹப்பைப் பிரிக்கணும்னு யாராவது சொன்னா உடனே தலையாட்டாதீங்க, பத்துக்கு எட்டு தடவை கேபிளும் காஞ்ச எண்ணெயும்தான் காரணம்.

மூணாவது கியர் நல்லாப் போகுது, ரெண்டாவதுல போட்டா திடீர்னு காலி மிதியாப் போயி முழங்கால் ஹேண்டில்ல இடிக்குதுன்னா கேபிள் தளர்வா இருக்கு. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல இந்த ஹப்புல ஒரு வெத்து இடம் இருக்கு, அங்க எந்த கியரும் பிடிக்காது, தளர்ந்த கேபிள் அங்க கொண்டுபோய் நிறுத்திருது. மாறா, மூணாவது விழவே மாட்டேங்குதுன்னா கேபிள் ஓவர் டைட்டு, இல்ல கேபிள் உறைக்குள்ள துருப்பிடிச்சு திரும்பி வரல. ஒண்ணாவது மட்டும் விழலன்னா மறுபடி தளர்வுதான், இல்ல ஹப் அச்சுக்குள்ள போற சின்னச் சங்கிலியோட குச்சி முழுசா உள்ள முறுக்கல.

சரிபண்றது இப்படி. கைப்பிடி லிவரை ரெண்டாவதுல வைங்க. பின்வீல் வலது பக்க நட்டுல ஒரு ஓட்டை இருக்கும், அதுக்குள்ள பாத்தா சங்கிலியோட சேந்த குச்சி தெரியும், குச்சியோட விளிம்பு அச்சோட நுனிக்கு நேர் மட்டமா நிக்கணும். உள்ள போயிருந்தா தளர்வு, வெளிய துருத்திட்டு இருந்தா டைட்டு. கேபிள் நுனியில இருக்குற வரிபோட்ட சின்ன உருளையைத் திருகி மட்டத்துக்குக் கொண்டு வந்து அதோட நட்டை இறுக்குங்க. அவ்வளவுதான். சங்கிலியை மாத்தும்போது கடைசி வரை முறுக்கிட்டு, கேபிள் போற திசைக்கு நேரா நிக்கிற வரைக்கும் அரைச் சுத்துக்கு மேல போகாம திருப்பி விடுங்க. நம்ம ஊர்ல கேபிளை விட இந்தச் சங்கிலிதான் முதல்ல துருப்பிடிச்சு மடங்காம கம்பி மாதிரி நிக்கும்.

எந்த கியர்ல போட்டாலும் பெடல் முன்பக்கம் சும்மா சுத்துதுன்னா உள்ள வீலைப் பிடிச்சுத் தள்ளுற நாக்கு எழும்பல, காஞ்ச எண்ணெய் பிசினாகி ஒட்டிப்பிடிச்சிருக்கு. ஹப் கூட்டுல ஒரு எண்ணெய்த் துளை மூடியோட இருக்கும், அதுல மண்ணெண்ணெயும் மெல்லிசு ஆயிலும் கலந்து ஊத்தி வீலைப் படுக்கப்போட்டு, அப்பப்ப சுத்திவிட்டு, ஒரு ராத்திரி விடுங்க. கறுப்பா வடிஞ்சு வரும், வரட்டும். அப்புறம் தையல் மெஷின் ஆயில் மாதிரி மெல்லிசு ஆயில் ஒரு டீஸ்பூன். கிரீஸ் துப்பாக்கியோட வர்ற ஆளை வாசல்லயே நிறுத்துங்க, அந்தத் துளை வழியா கிரீஸ் ஏத்தினா நாக்கு நிரந்தரமாப் படுத்துரும். கியர் இல்லாத சைக்கிளோட ஃப்ரீவீலுக்கும் (பின்வீல் பல்சக்கரம்) இதே வைத்தியம், இதே தடை.

ரெண்டாவது, மூணாவதுல மிதிக்கும்போது டிக் டிக் டிக்னு கேக்கும், ஒண்ணாவதுல கேக்காது. அது கோளாறு இல்ல, ஹப் உயிரோட இருக்குங்கறதுக்கு அடையாளம். பின்வீல் ரிம்மைப் பிடிச்சு ஆட்டினா லேசா ஒரு ஆட்டம் இருக்கணும், அதைக் கண்டுட்டு கோனை இறுக்கினீங்கன்னா கியர் முரண்டு பிடிக்கும். ஆட்டம் ரொம்ப அதிகம்னா இடது பக்க கோன்ல மட்டும் கை வைங்க.

செயின் குதிக்குது

12 இன்ச் ஸ்கேல் வச்சு ஒரு பின் நடுவுலேருந்து அளந்தா புதுச் செயின்ல 24வது பின் சரியா 12ல வரும். 12⅛ தாண்டிருச்சுன்னா மாத்துங்க. ½ × ⅛னு கேளுங்க. பூட்டு கிளிப்போட மூடின பக்கம் செயின் ஓடுற திசையைப் பாக்கணும். மடங்காம விறைச்சு நிக்கிற கண்ணி மட்டும்னா அது தேய்மானம் இல்ல, எண்ணெய்ல ஊறப்போட்டு கையாலயே ஒவ்வொண்ணா மடக்கி விடலாம்.

கம்பி பிரேக் பிடிச்சா விட மாட்டேங்குது, விட்டா பிடிக்க மாட்டேங்குது

விட மாட்டேங்குதுன்னா மூட்டு. பின் பிரேக்கோட கம்பி பெடல் அச்சுக் கூட்டு பக்கத்துல ஒரு முழங்கை மாதிரி திரும்பும், அங்கதான் மண்ணும் உப்பும் சேரும், கழட்டி உரசி எண்ணெய் விட்டா ஸ்பிரிங் தானா இழுத்துக்கும். முன்னாடி ஃபோர்க்குல ரெண்டு பக்கமும் பிரேக் கட்டை தாங்குற லாடத்தைப் பிடிச்சிருக்குற சின்னக் கிளிப் வளைஞ்சிருக்கான்னு பாருங்க, வளைஞ்சிருந்தா ஒரு கட்டை மட்டும் உரசும்.

பிடிக்க மாட்டேங்குதுன்னா கட்டை. பழைய ரப்பர் கல்லாகிப்போய் இருக்கும், தேயாமலே பயன் இல்லாம போற பார்ட் இது, யோசிக்காம மாத்துங்க. இந்தக் கட்டை ரிம்மோட உள்பக்க வளைவுல போய் உக்காருற மாதிரி செஞ்சது, அதனால யாராவது தட்டை ரிம் போட்டுக் கொடுத்திருந்தா என்ன டைட் வச்சாலும் பிடிக்காது. குரோம் ரிம் நனைஞ்சா பிரேக் பாதிதான், கார்த்திகை அடைமழையில இந்த சைக்கிளை எடுத்துட்டு பாம்பன் ரோட்டுப் பாலத்து இறக்கத்துல வேகம் காட்டாதீங்க.

ஹேண்டில் நடுவுல வந்து கடக்குனு உக்காருது

முன்வீலைத் தூக்கிட்டு ஹேண்டிலை மெதுவாத் திருப்பினா நேரா வர்ற இடத்துல ஒரு பள்ளத்துல விழுற மாதிரி இருக்கும். கீழ் கப்புல பால்ஸ் ஒரே இடத்துல இடிச்சு இடிச்சு குழி போட்டிருக்கு. இது நிஜமாவே தேய்மானம், ஆனாலும் உடனே செட் வாங்க ஓடாதீங்க, மறுபடி அந்த 26 மரைத் தொல்லை வரும். 5/32 பால்ஸ் புதுசாப் போட்டு, கீழ் கப்பைத் தட்டி எடுத்து கொஞ்சம் திருப்பி மறுபடி உக்காரவச்சா குழி வேற இடத்துக்குப் போயிரும், நிறைய வருஷம் ஓடும். பால்ஸை வட்டம் முழுக்க அடுக்கிட்டு ஒண்ணு போடுற இடம் மட்டும் காலியா விடுங்க.

வீல் கோட்டம்

முன்னாடி 32 கம்பி (ஸ்போக்), பின்னாடி 40 கம்பி, இதான் இந்த சைக்கிள் கணக்கு. கோட்டம் எடுக்குறதுக்கு முன்னாடி கம்பியை ரிம்முல பிடிக்கிற எல்லா நிப்பிளுக்கும் எண்ணெய் வச்சு ஒரு நாள் விடலன்னா நிப்பிள் சுத்தாது, கம்பிதான் முறுகி அறுந்து போகும். ரிம் டேப்பைக் கழட்டி ரிம்மோட உள்பக்கத்தையும் பாத்துருங்க, கரையில ஓட்டின சைக்கிளுக்கு ரிம் அங்கேருந்துதான் அரிக்கும். மத்தபடி கோட்டம் எடுக்கத் தெரிஞ்ச ஆளு தெருவுக்கு ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட விட்டுருங்க, இது கையில வர்ற வித்தை.

டைனமோ சுத்துது, லைட் எரியல

பல்பைக் குத்தம் சொல்லாதீங்க. இந்த டைனமோவுக்கு ஒரு வயர்தான் வெளிய தெரியும், திரும்பி வர்ற கரண்டுக்கு ஃபிரேம்தான் வழி. டைனமோ கிளாம்ப்லயும் லைட் தாங்குற இடத்துலயும் துருவோ புதுப் பெயிண்டோ இருந்தா அந்த வழி அடைபட்டுரும். பெயிண்ட் அடிச்சு பளபளன்னு வந்த சைக்கிள்ல லைட் எரியாததுக்கு முக்கால்வாசி இதான் காரணம். லைட் உடம்புலேருந்து டைனமோ உடம்புக்கு ஒரு துண்டு வயரைத் தொட்டுப் பிடிச்சு வீலைச் சுத்துங்க, எரிஞ்சா எர்த் போச்சுன்னு ஊர்ஜிதம், அந்த இடத்துல கொஞ்சம் சுரண்டி இரும்பு இரும்பைத் தொடவிடுங்க, இல்ல ரெண்டாவது வயர் ஒண்ணை நிரந்தரமாவே ஓட்டிருங்க, நம்ம காத்துக்கு அதுதான் தோது.

முன் பல்பு போட்டுப் போட்டு ஃபியூஸ் ஆகுதுன்னா பின் லைட்டைப் பாருங்க. டைனமோ 6 வோல்ட் 3 வாட், முன்னாடி 2.4, பின்னாடி 0.6 வாட்னு பங்கு போட்டுக்குது. பின்னாடி பல்பு செத்துட்டா மொத்தமும் முன்னாடி பல்பு தலையில ஏறும்.

தோல் சீட் பலகையாட்டம் இருக்கு

தேங்காய் எண்ணெய்ல முக்கி எடுக்குறாங்க, வேணாம், தோல் கொழகொழன்னு தொங்கி ரிவெட் ஓட்டை கிழிஞ்சுரும். தோல் மெழுகை மேல கொஞ்சம், அடிப்பக்கம் கொஞ்சம் தடவி வெயில்ல கொஞ்ச நேரம் வைங்க, அதையே சில வாரம் திரும்பத் திரும்பப் பண்ணுங்க. மூக்குக்கு அடியில இருக்குற டென்ஷன் போல்ட்டை முதல் நாளே முறுக்கினா காஞ்ச தோல் ரிவெட் பக்கத்துல சர்ருனு பிளந்துரும், தோல் பதமானதுக்கு அப்புறம் கால் சுத்து போதும்.

பெயிண்ட் அடிக்கலாமா

ஃபிரேம் கழுத்துல அந்த நாரைத்தலை பேட்ஜும், குழாய்ல தங்கக் கோடும் கொஞ்சமாவது மிச்சம் இருந்தா அடிக்காதீங்கங்கறது என் கட்சி. வீட்டுல "அசிங்கமா இருக்கு, ஒரு கோட் அடிச்சாத்தான் என்ன"ன்னு கேப்பாங்க, என் சாச்சாவும் கேட்டாரு. துரு நின்ன இடத்துல மட்டும் சுரண்டி பிரைமர் வச்சு கறுப்பைத் தொட்டுவிட்டு, மேல மெழுகு போட்டுத் துடைச்சா போதும். கோணூசி இறங்கின சைக்கிள், இல்ல ஏற்கனவே யாரோ பச்சை எனாமல் அடிச்சு வச்ச சைக்கிள்னா தாராளமா முழுசா உரிச்சு அடிங்க, ஆனா ஆடிக் கச்சான் காத்துல வெளிய வச்சு அடிக்காதீங்க, ஈரப் பெயிண்ட்ல மணல் வந்து ஒட்டிக்கும். வாடை முடிஞ்சு மாசி, பங்குனியில காத்து அடங்கின காலை நேரமாப் பாத்து, ஃபிரேமை முதல்ல நல்ல தண்ணியில கழுவிக் காயவச்சிட்டு அடிங்க. கப் இறங்குற மரையிலயும், சீட் குழாய் வாயிலயும், டைனமோ கிளாம்ப் உக்காருற இடத்துலயும் டேப் ஒட்டிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொடணும்.